வியாழக்கிழமைப் பேப்பரும் ஒரு மரண அறிவித்தலும்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவி, இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகள் எழுதுவது. இறந்தவர் எல்லோரோடும் இனிமையாகப் பழகினார் என்று இத்தகைய மலர்களில் எழுதுவது வழக்கம். அப்பா உண்மையாகவே அப்படித்தான் பழகினார். நீங்கள் அவரோடு எப்படிப் பழகினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். எண்பதுகளின் கடைசியில் அகதியாக நோர்வேக்கு வந்தார். வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடங்கள் கை விறைக்க மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்து, ஸ்டோவ்னரில் வீடு எடுத்து, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். இது உங்களில் பலருடைய கதையும்தான். அப்பா அதற்குமேல் ஒரு காரியம் செய்தார். அதைத்தான் உங்களால் பொறுக்க முடியவில்லை.

ஊரில் போர்நிறுத்தம் வந்த காலத்தில் அப்பா ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் யோசித்து யோசித்து வைத்த பெயரை ஒருவரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது வியாழக்கிழமைப் பேப்பர். தமிழ்நாட்டிலிருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஒருவர் எங்கள் வீட்டுக் கணினியில் பக்கம் அமைத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அப்பா கட்டுகளை, சக்கரம் வைத்து இழுத்துப் போகும் சில்லுப் பையில் அடுக்கி, வெஸ்ட்லி வரை ரயிலிலும் லோறென்ஸ்கூக்குக்குப் பஸ்ஸிலும் போய், கடைவாசல்களிலும் மாடிக் குடியிருப்புகளின் சலவை அறைகளிலும் வைத்துவிட்டு வருவார். எடுப்பவருக்கு இலவசம். செலவுக்குக் கடைக்காரர்களின் விளம்பரம் இருந்தது.

கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து வரும் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று அதில் இருக்கும். தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தில் ஏன் ஒவ்வொரு வருடமும் அதே முகங்கள் என்று கேட்டிருக்கும். ஊர்ச் செய்தி என்றால், நீங்கள் ஆதரித்த இயக்கத்தின் நியாயம் மட்டுமல்ல, மற்றப் பக்க நியாயமும் இருக்கும். இந்தக் கடைசி விஷயம் உங்களுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மாற்றுக் கருத்துக்காரன் என்று அவருக்குப் பெயர் வைத்தீர்கள். வைத்துவிட்டு, ஆட்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு பிரதியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகினீர்கள். செருகியவர்களை எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார்.

கடைசிப் பக்கம் மரண அறிவித்தல்களுக்கு. இறந்தவர் யாராக இருந்தாலும் இலவசம். இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரர், இன்னாரின் மைத்துனர் என்று வரும் உறவு வரிசையில் ஒருவரும் விடுபடக்கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். இருக்கும்போது ஆயிரம் சண்டை பிடுங்குப்பாடு இருக்கலாம், இந்தப் பக்கத்தில் உறவு உறவுதான் என்பார்.

பத்திரிகை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது வெஸ்ட்லியில் ஒருவர் மாரடைப்பில் இறந்தார். அவர் லோறென்ஸ்கூக் மாமாவின் சொந்தத் தம்பி. மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். அந்தத் தம்பி இளவயதில் வேறோர் இயக்கத்தில் இருந்தவர். துரோகி என்று சொல்லி அவரை எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அறிவித்தலை வேறெங்கும் எடுக்க மறுத்ததால் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தேநீர் கொடுத்து இருத்தி, உறவு வரிசையைக் கேட்டு எழுதினார். சகோதரர் என்ற இடத்தில் மாமாவின் பெயர் முதலாவதாக வந்தது.

பேப்பர் வெளியான அன்றே மாமா தொலைபேசியில் வந்தார். பக்கத்தில் இருந்த எனக்கே அவர் குரல் கேட்டது.

"ஆர் உங்களை என்ரை பேரைப் போடச் சொன்னது? அடுத்த கிழமை திருத்தம் போடுங்கோ."

அப்பா நிதானமாகச் சொன்னார்: "இதிலை என்ன திருத்தம் இருக்கு அத்தான்? அவன் உங்கடை தம்பிதானே."

திருத்தம் வரவில்லை. பிறகு உங்கள் வேலை தொடங்கியது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக விளம்பரத்தை நிறுத்தினார்கள். இங்கே வைக்காதீர்கள், எங்களுக்குக் கரைச்சல் என்றார்கள். சலவை அறையில் வைத்த கட்டுகள் பிரிக்கப்படாமலே கழிவுக் கடதாசித் தொட்டியில் கிடந்தன. அப்பா குனிந்து அவற்றை எடுத்துத் தூசி தட்டியதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. மாமி கூடப்பிறந்த தம்பியை ஸ்டோவ்னர் சென்டரில் கண்டும் காணாதவர் போல நடந்தார்.

அப்பா அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் தன் சம்பளத்தில் அச்சடித்துப் பார்த்தார். கடைசியில் நிறுத்தினார். பத்திரிகை தானாகச் செத்தது என்று பேசிக்கொள்கிறீர்களாம். தானாகச் சாகவில்லை. பிறகு அப்பாவுக்கு நோய் வந்தது. படுத்திருந்த மாதங்களில் உங்களில் எத்தனை பேர் வந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். வியாழக்கிழமை என்றால் மட்டும் சில்லுப் பை எங்கே என்று அம்மாவிடம் கேட்பார்.

அவர் கண்மூடிய செய்தி போனதும் முதலில் தொலைபேசி எடுத்தவர் மாமா. எனக்கு ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அறிவித்தலிலை என்ரை பேர் விடுபடாமல் பார். மைத்துனர் எண்ட இடத்திலை முதல் போடு. சனம் கேக்கும்."

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மற்ற வேலைகளுக்கு நடுவில் எங்கள் பேப்பரை அச்சடித்துத் தந்த நோர்வேக் கிழவருக்கு நன்றி. எல்லோரும் கைவிட்ட பிறகும், ஓரெழுத்து வாசிக்கத் தெரியாமலே, தன் காய்கறிக் கடை வாசலில் கட்டுகளை வைக்க விட்ட பாகிஸ்தான்காரருக்கு நன்றி. கடைசி இதழ் வரை பக்கம் அமைத்த தமிழ்நாட்டு நண்பருக்கு நன்றி. உங்களுக்குப் பயமில்லையா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "எனக்கு என்னங்க பயம்? எனக்கு இங்க சொந்தக்காரங்க யாருமே இல்லையே" என்றார். ஆசுப்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த, வெஸ்ட்லியில் இறந்தவரின் மனைவிக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் பயப்பட வேண்டாம். கடைசிப் பக்கத்தில் உறவு வரிசை முழுவதும் இருக்கிறது. ஒருவரையும் நான் விடவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்பதற்காகப் பெயர்களைப் போடவில்லை, அப்பா போட்டிருப்பார் என்பதால் போட்டேன். மைத்துனர் என்ற இடத்தில் மாமாவின் பெயர், அவர் கேட்டபடியே முதலாவதாக இருக்கிறது. அதற்கடுத்து, 'காலஞ்சென்ற' என்ற சொல்லோடு, அவருடைய தம்பியின் பெயர். திருத்தம் வேண்டுமென்றால் மாமா பழையபடி தொலைபேசி எடுக்கலாம். எங்கள் வீட்டு எண் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.