தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். குளிர்காலம் முழுக்கத் திருவண்ணாமலையில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஊருக்குக் கிளம்பும் நேரம். அவர்கள் விட்டுவிட்டுப் போகும் சாமான்கள் செங்கம் ரோட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மெத்தை, மின்விசிறி, சைக்கிள் என்று என்னென்னவோ இருக்கும். அந்த வருடம் நானும் என் மனைவியும் தேடிப் போனது ஒரு மடக்கு சைக்கிள்.

பெண்ணைக் கட்டிக் கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பெரிய கோயில் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் இருபத்திரண்டு வருடங்களாக விற்பனையாளன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் திரும்புவேன். பகல் முழுக்கத் தனியாக இருந்து இருந்து அவளுக்கு வந்த ஆசை அது. கல்யாணத்துக்கு முன்பு அண்ணன் சைக்கிளை எடுத்து ஓட்டியவள்தான்.

"எங்க போகப் போற?" என்று கேட்டேன்.

"சும்மாதாங்க. காத்தாட மலைய ஒரு சுத்து சுத்திட்டு வருவேன்."

"கிரிவலம்னா நடந்து போகணும்."

"கிரிவலம் இல்லீங்க. வேண்டுதலும் இல்ல. சும்மா."

எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். வேலை கிடைக்கணும், பிள்ளை பிறக்கணும், கடன் தீரணும். ஒன்றும் கேட்காமல் சுற்றிவர ஆசைப்பட்டவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். சிரித்துவிட்டுச் சரி என்றேன்.

மடக்கு சைக்கிள்தான் வேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் வீடு. நாங்கள் வாடகைக்கு இருந்தது இரண்டாவது மாடி. கீழே வீட்டுக்காரரின் கார் நிற்கும். வேறு எதையும் வைக்க விடமாட்டார். மடக்கி மேலே கொண்டுபோய்விட்டால் யாருக்கும் தொந்தரவில்லை.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று அலுமினியம், யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா விற்றுவிட்டுப் போனது. இன்னொன்று இரும்பு. அவள் அலுமினியத்தில் ஏறி கடை வாசலிலேயே ஒரு வட்டம் அடித்தாள். இறங்கி, மடக்கி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"இது நல்லா இருக்குங்க. நானே தூக்கிக்குவேன்."

நானும் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். அங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. எங்கள் கடையில் கனம்தான் தரம். கனமான அண்டா, கனமான குடம் என்றால் நல்ல சரக்கு. லேசாக இருந்தால் வெறும் தகடு. சீர்வரிசை வாங்க வருகிறவர்களிடம் 'கையில தூக்கிப் பாருங்க, தெரியும்' என்று சொல்லிச் சொல்லியே பிழைப்பு நடத்தியவன் நான்.

"இது தகரம் மாதிரி கீது. ஒரு குழியில எறங்கினா வளைஞ்சி பூடும். அத தூக்கிப் பாரு, இன்னா கனம்! ஆயுசுக்கும் உழைக்கும்" என்றேன். அதற்கு விலையும் கம்மி. கரும்பு தின்னக் கூலியா வேண்டும் எனக்கு?

கடைக்காரர் மட்டும், "அண்ணே, மாடியில வெக்கப் போறதா சொல்றீங்க. அக்காதான தூக்கணும்?" என்று இழுத்தார். விலை ஜாஸ்தியானதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்து, "நீங்க எறக்கிக் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பின்ன நான் எதுக்குக் கீறேன்?" என்றேன்.

இரும்பு சைக்கிளே வீட்டுக்கு வந்தது. முதல் இரண்டு வாரம் சொன்னபடிதான் செய்தேன். விடியற்காலையில் இறக்கிக் கொடுப்பேன், அவள் திரும்பி வந்ததும் ஏற்றுவேன். அப்புறம் சோம்பல் வந்துவிட்டது. நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிற கால்கள், காலையில் எழுந்திருக்கவே மறுக்கும். 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று புரண்டு படுப்பேன். நாலைந்து முறை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். சைக்கிள் கதவுக்குப் பின்னால் மடங்கி நின்றது. "ஆசை அறுபது நாள்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம வீட்டுல பதினஞ்சி நாள்லயே முடிஞ்சிபோச்சி" என்று கடையில் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு நாள் வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, மாடிப்படிச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில், படிக்கு ஒன்றாகக் கருப்பு எண்ணெய்க் கறை. தண்ணீர் கேன் போடுகிறவர் வேலைதான் இது என்று, மறுநாள் அவர் வந்ததும் சத்தம் போட்டேன். மனைவி குறுக்கே வந்து, "அவரு இல்லீங்க, வுடுங்க. நான் தொடச்சிடறேன்" என்றாள். சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்தும் விட்டாள். 'அவர் இல்லை' என்றால் வேறு யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணியில் ஒரு நாள் காலை பதினொன்றரை மணி இருக்கும். கடையில் ஒரு கல்யாணப் பார்ட்டிக்கு அண்டா எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் மனைவி போன் செய்தார்.

"ஒடனே வாங்க. உங்க வீட்டம்மா படியில விழுந்துட்டாங்க."

போய்ப் பார்த்தால், படி திரும்புகிற இடத்தில் அவள் கிடந்தாள். கணுக்காலின் மேல் சைக்கிள். மேலே தூக்கிக்கொண்டு ஏறும்போது மடக்கிப் பூட்டியிருந்த கொக்கி விட்டுப்போய், பாதி சைக்கிள் விரிந்து, கனம் அவளைப் பின்னால் இழுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தப்பு செய்தவள் போல, "தினமும் நான்தாங்க எறக்கி ஏத்திக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் தவறிடுச்சி" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது வீட்டுக்காரரின் மனைவி சொன்னார். "நீங்க கெளம்புன கொஞ்ச நேரத்துல எறங்குவாங்க. ஒவ்வொரு படியிலயும் வெச்சி, செவுத்துல சாச்சி, மூச்சு வாங்கி எறக்குவாங்க. காலையிலயே உங்கள எழுப்பி எறக்கச் சொல்லக் கூடாதான்னு நானே கேட்டேன். பாவம், நாளெல்லாம் நிக்கிறாரு, தூங்கட்டும்னாங்க."

என் கால் வலியை அவள் நினைத்திருக்கிறாள். மாடிப்படியில் அவள் வாங்கிய மூச்சு எனக்குத் தெரியவே இல்லை.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தகடு வைத்துக் கட்டினார்கள். ஆறு மாதம் கழித்து எழுந்து நடந்தாள், ஆனால் சாய்ந்து சாய்ந்துதான். கணுக்கால் பழையபடி மடங்காது, சைக்கிளை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவள் அழவில்லை. சரி சார் என்று தலையாட்டினாள். நான்தான் வெளியே வந்து, மருந்துக் கடைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன், அத்தனை நாளும் எங்கே போனாய் என்று.

"மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலை வரைக்கும் போவேன். ஒரு புளியமரம் கீது. அங்க உக்காந்து ஒரு டீ குடிப்பேன். மலையப் பாத்துக்கினு இருந்துட்டு வந்துடுவேன்" என்றாள். காலை நீவிக்கொண்டே, "நல்லா இருக்குங்க அங்க" என்றாள்.

மாடி ஏற முடியாததால் வீடு மாற்றினோம். இப்போது இருப்பது தரை வீடு. வாசலிலேயே நிறுத்தலாம், யாரும் தூக்கவே வேண்டாம். நான் அன்று சொன்னது மட்டும் பொய்க்கவில்லை. அந்த இரும்பு சைக்கிள் படியில் விழுந்தும் எங்கும் வளையவில்லை. ஆயுத பூஜை வந்தால் அவளே துடைத்துச் சந்தனம் வைக்கிறாள். சில நாள் மாலையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்று மலையைப் பார்க்கிறாள். ஆட்டோவில் அடி அண்ணாமலைக்குப் போகலாம் வா என்று பல தடவை கூப்பிட்டுவிட்டேன். "இன்னொரு நாள் போலாங்க" என்கிறாள். நான் புரண்டு படுத்துச் சொன்னதையே அவள் அமைதியாகத் திருப்பிச் சொல்வதுபோல் இருக்கிறது.

கடையில் இன்றும் கனம்தான் விற்கிறேன். ஆனால் யாராவது ஒரு கனமான அண்டாவைக் கையிலெடுத்தால், "வீட்டுல இத யாருங்க தூக்கப் போறது?" என்று கேட்டுவிடுகிறேன். முதலாளிக்குக் கோபம் வருகிறது. வரட்டும். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே நாளில் கேட்கவில்லை.