ரிமோட்டம்மாவும் சிவப்புப் புள்ளியும்

குடிநீர் வாரியத்தின் பயிற்சி நிலையத்தில் கூட்ட அறை ஒன்றுதான். அதற்கு உதவியாளரும் ஒருவர்தான். பதிவேட்டில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எல்லோரும் கூப்பிடுவது ரிமோட்டம்மா என்றுதான். புரொஜெக்டரின் ரிமோட்டைக் கறுப்புக் கயிற்றில் கோத்து எப்போதும் கழுத்தில் மாட்டியிருப்பார். அதற்குக் காரணம் உண்டு. முதல் ரிமோட் ஒரு பொறியாளரின் சட்டைப்பையில் ஏறி அவரோடு மாறுதலாகிப் போய்விட்டது. இரண்டாவது தேநீர்க் கோப்பைகளோடு தட்டில் ஏறிப் போய், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவப்பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது வந்த அன்றே ரிமோட்டம்மா கயிறு வாங்கிவிட்டார்.

புரொஜெக்டர் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது. பாடம் எடுக்க வரும் பெரிய மனிதர்கள் ரிமோட்டை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி, படம் தெரிகிற திரையைப் பார்த்து அழுத்துவார்கள். யந்திரம் தங்கள் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால் இருப்பது அவர்களுக்குத் தோன்றாது. திரை எப்படி அசையும்? அசையாது. இன்னும் அழுத்தி, இன்னும் கையை நீட்டி, கடைசியில் திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்று அழுத்துவார்கள். ஆற்றைத் திருப்பி அணை கட்டியவர்கூட இதைச் செய்திருக்கிறார். ரிமோட்டம்மா சிரிக்க மாட்டார். வாங்கி, திரும்பி, கூரையைப் பார்த்து ஒரு அழுத்து அழுத்துவார்.

இணைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் புரொஜெக்டரைப் போட வேண்டும், அது விழித்துக்கொண்ட பிறகு கேபிளைச் செருக வேண்டும், அதற்கப்புறம்தான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் இதைச் சரியாகத் தலைகீழாகச் செய்வார்கள். பிறகு நீலத் திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வரும், கேபிளைத் திட்டுவார்கள். திட்டு முடிகிற வரை ரிமோட்டம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முடிந்ததும் போய், லேப்டாப்பில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தி, படத்தைத் திரைக்கும் அனுப்பச் சொல்லுவார். நீலத் திரை இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதாக இதுவரை சரித்திரம் இல்லை. வேலையில் அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். தெரியாத வேலை ஒன்றும் அவர் செய்துவந்தார். ரிமோட்டில் படத்தை மட்டும் மறைக்கிற பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் படம் திரும்பும். லேப்டாப்பைச் செருகியதும் மனிதர்களின் வீடு வாசல் எல்லாம் திரையில் வந்து நின்றுவிடும். சர்க்கரைப் பரிசோதனை முடிவு, பாதியில் நிற்கும் ராஜினாமாக் கடிதம், சம்பந்தி வீட்டுக்கு எழுதிய நீண்ட சமாதானம். ஒருவர் முகப்பில் தன் படத்தையே வைத்திருந்தார், நான்கு கோணங்களில். ரிமோட்டம்மா ஒரு நொடியில் கறுப்பாக்கிவிட்டு, எப்போதும் சொல்லும் வாக்கியத்தைச் சொல்வார்: "ஃபைலைத் திறந்துட்டுச் சொல்லுங்க சார், காட்டுறேன்." அந்த ஒரு நொடியில் பார்த்ததை எவரிடமும் சொன்னதில்லை. கணவர் எத்தனையோ முறை வாயைக் கிண்டிப் பார்த்துவிட்டார். ஒன்றும் பெயரவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் புரொஜெக்டரை அணைப்பார். அணைத்த பிறகும் உள்ளே விசிறி ஓடும், விளக்கின் சூடு தணிகிற வரைக்கும். ரிமோட்டம்மா கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, தேய்ந்துபோன வலது முட்டியை நீட்டிவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தம் ஓய்கிற வரை காத்திருப்பார். விசிறி நின்றதும், யந்திரத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும். கதவோரத் திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் சுவரின் சுவிட்சை அணைத்தால் அதுவும் போய்விடும். ஆளில்லாத அறையில் எதுவும் எரியக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தச் சுவிட்சின் சத்தத்தோடு அவருடைய நாள் முடியும்.

அவர் கணவர் ஒரு வணிகக் கட்டடத்தில் பதினெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். வருகிறவர்களே அழுத்திக்கொள்ளும் லிஃப்ட் வந்தபோது, அவருக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். இரண்டு வருஷம் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போதும் ஆஸ்பத்திரிக்கோ வேறெங்கோ போனால் லிஃப்டில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஏறுகிறவர்களிடம் எந்த மாடி என்று கேட்பார். ரிமோட்டம்மா அப்போது வேறு பக்கம் பார்ப்பார்.

ஆகவே, கூட்ட அறைச் சுவரில் தொட்டு இயக்கும் பேனல் ஒன்று வரப்போகிறது என்று இயக்குநர் அறிவித்த அன்று ரிமோட்டம்மாவுக்கு அந்தப் படிக்கட்டு நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. தொட்டால் போதும், புரொஜெக்டர் தானே எழுந்திருக்கும், கேபிளைச் செருகினால் படம் தானே வரும், திரை தானே இறங்கும் என்றார் இயக்குநர். தானே, தானே என்று அவர் சொல்லச் சொல்ல, கடைசியில் எங்கே வந்து நிற்பார் என்று ரிமோட்டம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அங்கேதான் வந்து நின்றார். தலைமையகத்து ஆட்கள் முன்னால் பேனலை ஓட்டிக் காட்டப்போகிறோம், சரியாக ஓடினால் கூட்ட அறைக்கு உதவியாளர் தேவைப்படாது, பின்கட்டடத்துக் கோப்பறையில் ஆள் இல்லாமல் இருக்கிறது, எதுவும் இன்னும் முடிவாகவில்லை, கவலைப்பட வேண்டாம் என்றார். கோப்பறை மூன்றாவது மாடியில் இருந்தது. அறுபத்தாறு படி. லிஃப்ட் ஓட்டியவரின் மனைவி ஏற வேண்டிய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

பேனலை மாட்ட வந்தவர் தலை நரைத்த, பொறுமையான மனிதர். ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கினார். ரிமோட்டம்மாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தன் வேலையைப் பறிக்க வந்த மனிதர் விழுந்துவிடக் கூடாதே என்று பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. போகும்போது பேனல்காரர் சுவிட்சைக் காட்டி ஒன்று சொன்னார்.

"இனிமே இத மட்டும் அணைக்காதீங்கம்மா. மிஷின் தூங்கும், ஆனா காது கேட்டுக்கிட்டே இருக்கும். இத அணைச்சா காதும் போயிடும். பேனல் கூப்பிட்டா எழுந்திருக்காது."

சொன்னதோடு விடாமல், அணைக்காதீர்கள் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவிட்சின் மேலேயே ஒட்டினார். ரிமோட்டம்மா தலையாட்டினார். அவர் போன பிறகு ஏணியைக் கட்டிவைத்து, தரையைப் பெருக்கி, நாற்காலிகளை வரிசைப்படுத்தி, முட்டியை நீட்டி உட்கார்ந்து விசிறி ஓய்கிற வரை காத்திருந்தார். பிறகு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைமையகத்து ஆட்கள் எட்டுப் பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பின்வரிசைகளில் பயிற்சிக்கு வந்த ஊழியர்கள் நாற்பது பேர். இயக்குநர் வாயெல்லாம் பல்லாக எழுந்துபோய்ப் பேனலைத் தொட்டார். பேனல் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. சுற்றி முடித்து, தொடர்பு இல்லை என்றது. இன்னொரு முறை தொட்டார், அதையே சொன்னது. பேனல்காரர் எழுந்துவந்து சுவரோரம் மண்டியிட்டு ஒயர்களைக் கழற்றி மாட்டினார். பேனலையே ஒரு தடவை அணைத்துப் போட்டார். அது புதிதாகப் பிறந்ததுபோல் வந்து, தொடர்பு இல்லை என்றது.

கதவோரம் நின்ற ரிமோட்டம்மா கூரையைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி இல்லை.

நேற்றுச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். விசிறி நின்றது, எழுந்தது, திரைச்சீலையை விலக்கியது, சத்தம். அணைக்காதீர்கள் என்ற தாளின் மேலேயே விரலை வைத்து அணைத்திருக்கிறார். வேண்டுமென்று செய்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்த கை, எழுத்தைப் படிக்கக் காத்திருக்கவில்லை.

இப்போது இது அவருக்கும் திரைச்சீலைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பேனல்காரரின் மூக்கு உடையும், பேனலைக் கழற்றிக்கொண்டு போவார், அறுபத்தாறு படியும் அதே இடத்தில் இருக்கும். ரிமோட்டம்மா பேசாமல் நின்றார். நன்றாகவே நின்றார், ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. பேனல்காரரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் நாற்பத்தெட்டுப் பேர் ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டு நிமிஷம் ஆகப்போகிறது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"சுவிட்ச் அணைஞ்சிருக்கு சார்," என்றார். "நான்தான் நேத்து பழக்கத்துல அணைச்சுட்டேன்."

திரைச்சீலைக்குப் பின்னால் கையைவிட்டுப் போட்டார். சிவப்புப் புள்ளி வந்தது. பேனல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, நன்றிதான் இருந்தது. அது ரிமோட்டம்மாவுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

இயக்குநர் மறுபடி தொட்டார். புரொஜெக்டர் தானே எழுந்தது. திரை தானே இறங்கியது. முன்வரிசை கைதட்டியது. இயக்குநர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் லேப்டாப்பில் கேபிளைச் செருகினார், சொன்னபடியே படமும் தானே வந்தது. பாடம் வரவில்லை. அவர் கடைசியாகத் திறந்துவைத்திருந்த கடிதம் வந்தது. இயக்குநருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொள்பவர். ஆகவே கடைசி வரிசைக்கும் தெளிவாகத் தெரிகிற அளவில், 'பொருள்: கூட்ட உதவியாளரைக் கோப்பறைக்கு மாற்றுதல்' என்று திரை முழுக்க இருந்தது. மேலே எண், பக்கத்தில் தேதி. பன்னிரண்டு நாளுக்கு முந்தியது. கீழே கையெழுத்தும் இருந்தது.

எதுவும் இன்னும் முடிவாகவில்லை என்று அவர் சொல்லியே ஒரு வாரம்தான் ஆகிறது.

திரை கறுத்தது.

ரிமோட்டம்மாவின் கை கழுத்துக்குப் போய் அழுத்திவிட்டது. இதற்கும் அது காத்திருக்கவில்லை. முன்வரிசை இன்னும் கைதட்டி முடிக்கவில்லை; இரண்டு பேர் தேநீருக்காகக் குனிந்திருந்தார்கள்; பின்வரிசைகள் பேனலையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன; ஒருவருக்கும் எதுவும் பிடிபடவில்லை. இயக்குநர் கறுத்த திரையைத் திரும்பிப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், அதில் இருந்ததைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பேனல்காரர் பதறி எழுந்து, இது பேனல் செய்ததில்லை என்றார்.

"நான்தான் மூடினேன்," என்றார் ரிமோட்டம்மா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஃபைலைத் திறந்துட்டுச் சொல்லுங்க சார், காட்டுறேன்."

இயக்குநர் கடிதத்தை மூடிவிட்டு, நீர்க்குழாய்ப் பராமரிப்பு பற்றிய பாடத்தைத் திறந்து, திறந்தாயிற்று என்று முனகினார். ரிமோட்டம்மா காட்டினார். கூட்டம் ஒரு மணி வரை நடந்தது. குழாய்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு இயக்குநர் மட்டும் அறையில் நின்றார். கேபிளைச் சுருட்டினார். அவர் அதற்கு முன் கேபிள் சுருட்டியதில்லை, அது முறுக்கிக்கொண்டது. ரிமோட்டம்மா வாங்கிச் சரியாகச் சுருட்டினார்.

"அதுல என்ன இருந்துதுன்னு பாத்தீங்களாம்மா?" என்றார் இயக்குநர்.

"நான் பாக்கறதில்ல சார்."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். வாசல் வரை போய்விட்டார்.

"எழுத்து மட்டும் ரொம்பப் பெருசா வச்சிருக்கீங்க சார்," என்றார் ரிமோட்டம்மா, கேபிளை மாட்டியபடி. "கொஞ்சம் சின்னதா வச்சுக்குங்க."

இயக்குநர் திரும்பாமலே தலையாட்டினார். பிறகு போனார்.

மூன்று நாள் கழித்து உத்தரவு வந்தது. அதே எண், அதே தேதி. மாற்றுதல் என்று இருந்த இடத்தில் தொடர்தல் என்று இருந்தது. ரிமோட் உதவியாளர் வசமே இருக்கும். பேனல் வந்துவிட்டபடியால் ஒரு வேலையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்: 'கூட்ட அறை மின்சுவிட்ச் எக்காரணம் கொண்டும் அணைக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுதல்.' ரிமோட்டம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் விசிறி ஓய்ந்ததும் எழுந்து சுவிட்ச் வரை போய், தானாக நீண்ட வலது கையை இடது கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆளில்லாத அறையில் ஒரு சிவப்புப் புள்ளியை எரியவிட்டுக் கதவைப் பூட்டியது என்னவோபோல் இருந்தது.

வீட்டில் உத்தரவைக் கணவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்ப இனிமே உன் வேலை என்ன?"

"சுவிட்ச அணைக்காம இருக்கறது," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் ரிமோட்டம்மா. கணவரும் சிரிப்பார் என்று நினைத்தார்.

அவர் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"எங்க லிஃப்டுக்கும் ஒரு சுவிட்ச் இருந்துது," என்றார். "கீழ, நான் உக்காந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்துலதான். அதப் பாத்துக்கன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னும் உக்காந்திருப்பேன்."

ரிமோட்டம்மாவின் சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. தனக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைக்கவில்லையே என்று நெஞ்சு வலித்தது. லிஃப்டில் அவர் மாடி கேட்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்த நாட்களை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.  கழுத்திலிருந்த ரிமோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறு வாரம் முட்டியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லிஃப்டில் கணவர் வழக்கம்போல் பொத்தான்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஏறுகிறவர்களைப் பார்த்தார். இந்த முறை ரிமோட்டம்மா நேராக அவரைப் பார்த்துச் சொன்னார்.

"மூணாவது மாடிங்க."

கணவர் அழுத்தினார்.