மூன்றாவது கட்டம்

உத்திரமேரூர் பக்கம் பெண்கள் காப்பகம் ஒன்றில் சில மாதம் தங்கியிருந்தேன். அங்கே வாசலில் காவலுக்கு ஒரு அம்மா இருந்தார். புடவைமேல் காக்கிச் சட்டை, கழுத்தில் அவர் ஒருநாளும் ஊதாத விசில். யார் கத்திக்கொண்டு வந்தாலும் பார்வையாளர் பதிவேட்டைத்தான் நீட்டுவார்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்து கேட்டை உதைத்தார். நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். அந்த அம்மா பதிவேட்டை நீட்டினார்.

"இன்னாத்துக்கு நைனா கத்திக்கினு கீற? பேரு எய்து, ஊரு எய்து. மூணாவது கட்டத்துல எதுக்கு வந்தேன்னு எய்து. அப்பால மேடத்தக் கூப்புடறேன்."

பெயரையும் ஊரையும் வேகமாக எழுதியவரின் பேனா மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டது.

"என் பொண்டாட்டி..."

"வாயால சொல்லாத. அடிச்சேன், ஓடியாந்துட்டா, இட்டுக்கினு போவ வந்தேன்னு எய்து. போலீசு வந்தா காட்டணுமில்ல?"

பேனாவை வைத்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக ஆண்களின் பெயர்கள். மூன்றாவது கட்டம் எல்லாருக்கும் காலி.

"யாருமே எழுதலியேம்மா, படிச்சுப் பாத்தீங்களா?" என்றேன்.

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? காலியா கீறது கண்ணுக்குத் தெரியுதே, அது போதும்."