கேட்டவர் கையில்தான் பேனா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, படத்துக்குப் பூப்போட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட அத்தனை பேருக்கும் தங்கையின் வணக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் அக்காவை ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். மலர் என்பதால் மரியாதையாக எழுத வேண்டும் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். அக்கா இதைப் படித்திருந்தால், “என்னாடி இது, யாரப் பத்தி எழுதியிருக்க?” என்று கேட்டிருப்பார்.

அக்கா பிறந்தது சேதராப்பட்டில். அப்பாவுக்கு இரண்டு காணி நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடுவார். அக்கா பத்தாவது முடித்த வருடம் அப்பா முதுகு ஒடிந்து படுத்துவிட்டார். மேலே படிக்கவேண்டும் என்று அக்காவுக்குக் கொள்ளை ஆசை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கரும்பு நட்டார், களை எடுத்தார், பதினெட்டு வயது ஆனதும் ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனது அக்காவின் உழைப்பில்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அந்தக் கம்பெனியில் அக்காவுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. தயாராகி வரும் இரும்புப் பாகங்களை அளந்து பார்க்க வேண்டும். சரியில்லாததில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, ‘ரிஜெக்ட்’ கூடையில் தள்ள வேண்டும். தள்ளினால் மட்டும் போதாது, ஏன் தள்ளினோம் என்று சீட்டில் காரணம் எழுத வேண்டும். “காரணம் எழுதத் தெரியலன்னா, தப்பு சாமான்ல இல்ல, நம்மகிட்டதான் இருக்கு” என்பார். இந்தக் குணம் வீட்டிலும் விடவில்லை. குழம்பு நன்றாக இல்லை என்று யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. உப்பா, புளியா, என்ன என்று சொல்ல வேண்டும்.

திருமணமாகி ரெட்டியார்பாளையத்துக்கு வந்த பிறகு, கம்பெனி பேருந்தில் போகவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரும் குறுக்கெழுத்துப் புதிர் அக்காவைப் பிடித்துக்கொண்டது. அர்த்தத்தைக் கேட்டு விடை எழுதும் சாதாரணப் புதிர் இல்லை அது. குறிப்பே ஒரு வேஷம் போட்டுக்கொண்டு வரும். ‘மாவில் துளை போட்டால் வேறு பழம் (3)’ என்று இருக்கும். நாம் மாம்பழத்தையும் கத்தியையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அக்கா, “மா எழுது, பக்கத்துல துளை எழுது. மாதுளை. மூணெழுத்து. அவ்ளோதான்” என்பார். மாதுளை என்று விடையை மட்டும் சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. எப்படி வந்தது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

பேருந்தில் நாலு பேர் கூடினார்கள். பிறகு எங்கள் தெருவில் இருக்கும் சொல்தா ஐயா சேர்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், அதனால் தெருவுக்கே அவர் சொல்தா, அதாவது சிப்பாய். வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்தேன். ஞாயிறு மாலை நாலு மணிக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் கூடுவோம். அக்கா போட்ட சட்டம் இதுதான்: விடையைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். பிறகு அது எப்படி வந்தது என்று இன்னொருவருக்கு விளக்க வேண்டும். கேட்டவருக்குப் புரிந்தால், கேட்டவர் தன் கையால் அதன்மேல் பேனாவால் எழுதுவார். சொன்னவர் பேனாவைத் தொடவே கூடாது. புரியவில்லை என்றால் விடை சரியாகவே இருந்தாலும் பென்சிலிலேயே கிடக்கும். சொல்தா ஐயா எழுதிய எத்தனையோ சரியான விடைகள் என்னால் பென்சிலிலேயே கிடந்திருக்கின்றன. “மதாம், உங்க தங்கச்சி சுங்கச் சாவடி மாதிரி” என்று அக்காவிடம் புகார் செய்வார்.

மாமா மட்டும் சேரவே இல்லை. “நல்லா இருக்கற வார்த்தைய எதுக்கு ஒடச்சி ஒடச்சி ஒட்டறீங்க?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது எல்லோருக்கும் போண்டா வாங்கி வருவார். அதுதான் மாமா.

அக்கா ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கையும் காலும் போனதுகூடப் பரவாயில்லை. நாம் பேசுவது எல்லாம் அக்காவுக்குப் புரிந்தது. அவர் சொல்ல நினைத்ததுதான் வாய்க்கு வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் “அது... அது...” என்பார். வாழ்நாள் முழுக்கக் காரணம் சொல்லியே பழகிய வாய். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். அன்று நான் மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். பூனைப் படம், ஆப்பிள் படம் என்று அட்டைகளைக் காட்டினார். அக்கா அந்த அட்டைகளை இடது கையால் தரையில் தள்ளிவிட்டார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. “இவங்களுக்கு எது பிடிக்கும்னு சொல்லுங்க, அதுல ஆரம்பிக்கலாம்” என்றார். நான் போய் ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்து வந்தேன்.

இடது கையில் பென்சில். கோணல் மாணலான எழுத்து. ஆனால் விடைகள் சரி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூட்டு வாயில்தான், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. அடுத்து விளக்கம் சொல்ல வேண்டும். அக்கா வாயைத் திறப்பார், “அது... இது...” என்று திணறுவார், நெற்றியெல்லாம் வியர்க்கும். என்னால் பார்க்க முடியவில்லை. “ஆமாக்கா, புரிஞ்சிடுச்சி, சரியா சொல்லிட்ட” என்று பேனாவை எடுத்து எழுதிவிடுவேன். அடுத்த விடை, அதற்கும் பேனா. சொல்தா ஐயா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி நாலு மாதம் போயிற்று. பாசத்தில் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு அக்கா வேகவேகமாகக் கட்டம் முழுவதையும் நிரப்பி என் பக்கம் தள்ளினார். முதல் விடையைத் தொட்டு ஏதோ முனகினார். நான் “சரிக்கா” என்று பேனாவால் எழுதினேன். இரண்டாவதைத் தொட்டார். “சரிக்கா.” மூன்றாவதில் அக்காவின் விரல் அசையாமல் நின்றது. என் முகத்தையே பார்த்தார். அப்போதுதான் குனிந்து, நான் எழுதியது என்ன என்று படித்தேன். முதல் கட்டத்தில் ‘கத்திரி’. இரண்டாவதில் ‘பூசணி’. குறிப்புகளுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கட்டம் முழுக்கக் காய்கறிக் கடை. வேண்டுமென்றே எழுதியிருக்கிறார், நான் படிக்கிறேனா என்று பார்க்க!

அக்கா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். கட்டத்தின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு. தாளை என் மடியில் எறிந்தார். எறிந்துவிட்டு,

“ரிஜெக்ட்!” என்றார்.

அட்சர சுத்தமாக. நாலு மாதத்தில் ‘அது, இது’ தவிர அக்கா வாயில் இருந்து வந்த முதல் முழுச் சொல். மாமா அடுக்களையில் இருந்து கரண்டியோடு ஓடி வந்தார். “இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு!” அக்கா இன்னொரு தடவையும் சொன்னார், என்னைப் பார்த்து. சொல்தா ஐயா எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எனக்கு அவமானம் ஒரு பக்கம், ஆனந்தம் ஒரு பக்கம். சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை.

அன்றோடு நான் திருந்தினேன். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொன்னேன். மாமாவுக்கு என்மேல் பயங்கரக் கோபம். “நோயாளிகிட்ட இன்னாம்மா வம்பு? எழுதித்தான் குடேன்!” என்று சத்தம் போட்டார். அக்கா இடது கையைத் தூக்கி அவரை வெளியே போகச் சொன்னார். பல வாரங்கள் ஒரு கட்டத்தில்கூட மை ஏறவில்லை. பிறகு ஒன்று ஏறியது. ஒரு மாதம் கழித்து மூன்று.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, அன்றைய கட்டத்தில் எல்லாவற்றிலும் மை ஏறிவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. ‘கடலின் தொடக்கத்திலேயே வலை போட்டால் மனத்தில் பாரம் (3)’. அக்கா ‘கவலை’ என்று பென்சிலில் எழுதியிருந்தார். எனக்கு விளக்கம் தெரியும். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவின் பேச்சுப் பயிற்சிக்காகப் புதிதாகப் போட்ட சட்டப்படி, தாளை மூடிவிட்டுக் குறிப்பைப் பார்க்காமல்தான் விளக்க வேண்டும்.

“வலை” என்றார் அக்கா.

“சரி. முன்னாடி க எங்கிருந்து வந்துச்சி?”

“அது... தண்ணி.”

“தண்ணிக்கு த தானே வரும்? புரியலக்கா.”

“பெரிய தண்ணி.”

“புரியல.”

மாமா நிலைப்படியில் நின்றபடி பல்லைக் கடித்தார். அக்கா கண்ணை மூடினார். கையைக் கிழக்கே நீட்டினார். காலாப்பட்டுக் கடற்கரையில் மீன் வாங்கப் போனபோது பார்த்த படகுகளைக் காட்டுவது போல விரல்களை ஆட்டினார். பேனாவை எடுத்துவிடலாமா என்று கை துடித்தது. எடுக்கவில்லை. “புரியலக்கா, மறுபடி சொல்லு” என்றேன்.

“கட... கடலு.” அக்கா கண்ணைத் திறந்தார். “கடலுடி! கடலுக்கு மொத எழுத்து க. கூட வலை. கவலை! இப்ப எழுதுடி கழுத!”

எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டது. கூடமே கைதட்டியது. நிலைப்படியில் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அக்கா மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து, “இப்பதான் தங்கச்சி” என்றார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

அதன் பிறகு ஆறு வருடம் அக்கா பேசினார். கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி, ஆனால் எங்களை எல்லாம் திட்டும் அளவுக்குத் தாராளமாக. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலையில் புதிரை முடித்தார், மதியம் மீன்குழம்பு சாப்பிட்டார், உப்பு குறைவு என்று காரணத்தோடு சொன்னார், படுத்தார். நாலு மணிக்கு நாங்கள் போனபோது எழுந்திருக்கவில்லை. மேசைமேல் அன்றைய தாள், முழுவதும் பென்சிலில்.

பக்கவாதம் வந்த நாளில் இருந்து துணை நின்றவர்களுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். அட்டையைத் தள்ளிவிட்டபோதும் முகம் சுளிக்காத பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கு. மருத்துவமனைச் செவிலியர்களுக்கு. வாராவாரம் வந்த பேருந்துத் தோழிகளுக்கு. ஒரு ஞாயிறும் தவறாத சொல்தா ஐயாவுக்கு, அவர் பாஷையிலேயே, மெர்சி. அக்காவின் வலது கையாக இருந்த மாமாவுக்கு நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆகவே வேறொன்று சொல்கிறேன்.

அந்தத் தாளை ஒரு வருடமாக யாரும் தொடவில்லை. போன வாரம் மலர் வேலைக்காக எடுத்தேன். பேனாவைக் கையில் எடுத்தபோது மாமா வந்து நின்றார். “சொல்றவங்க பேனாவத் தொடக்கூடாதுல்ல?” என்றார். எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார். வாழ்நாளில் ஒரு குறிப்புக்காகக்கூட உட்காராத மனிதர்!

அக்காவுக்குப் பதிலாக நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். மாமா கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியாக ஒன்று. ‘தண்ணீரின் தலையும் எலியின் வீடும் சேர்ந்தால் மழைக்குக் கத்தும் (3)’. அக்காவின் விடை, தவளை.

“த சரி. எலி வீட்டுக்குப் பொந்துன்னுதானே பேரு? புரியல” என்றார்.

சொன்னேன். “புரியல, மறுபடி சொல்லு” என்றார். வயல் வரப்பு, அப்பா மண்வெட்டியால் எலி வளை வெட்டியது, அக்காவும் நானும் பின்னாலேயே ஓடியது எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் ஆயிற்று. மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, “இப்ப புரிஞ்சிச்சி” என்று பேனா மூடியைத் திறந்தார்.

இந்த மலரின் பின்னட்டையில் இருப்பது அந்தத் தாள்தான். கீழ் மூலையில் ‘தவளை’யின் மூன்று எழுத்துகள் மை கசிந்து பட்டையாகத் தெரியும். அச்சகத்தில், அதைக் கணினியில் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார்கள். ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டு வந்தேன்.