பொய்க் குவிமாடத்தின் கீழே

இது நடந்தது. நான் பாலங்களுக்குச் சுமைக் கணக்குப் போடுகிறவன். கதை கட்டிப் பழக்கமில்லை. பெண்டாட்டி செத்த துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று என் மைத்துனி ஊரெல்லாம் சொல்லி வருகிறாள். சொல்லட்டும். என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. சாட்சிக்கு வயது ஆறு. பேர் லேனி. என் மகள்.

ஊர் வியன்னா. கோயிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். உள்நகரத்தில் இருக்கிற, பரோக் பாணியில் கட்டிய பழைய கிறிஸ்தவக் கோயில். வெளியே பார்த்தால் சாதாரணச் சுவர். உள்ளே நுழைந்தால் தங்கம், முறுக்கிய பளிங்குத் தூண்கள், மூலைக்கு மூலை இறக்கை விரித்த சம்மனசுகள். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய குவிமாடம்.

குவிமாடம் என்பது பொய். அங்கே இருப்பது தட்டைக் கூரை. குவிமாடம் போல வரைந்து வைத்திருக்கிறார்கள். நடுத்தரையில் ஒரு வெள்ளைக் கல் பதித்திருக்கும். அதன்மேல் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கண் ஏமாறும். கல்லை விட்டு நகர்ந்தால் குவிமாடம் சாயும். பீடத்தை நெருங்க நெருங்க, மொத்தமும் தலைமேல் சரிவது போல இருக்கும்.

என் மனைவி வெரேனா சுற்றுலா வழிகாட்டி. அவளை முதலில் பார்த்தது இந்தக் கல்லின் மேல்தான். அப்போது நான் கையில் வரைபடச் சுருளோடு திரிந்த பொறியியல் மாணவன். தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். அவள் என் பின்னால் வந்து, முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"மேலேயே பாருங்க, இன்ஜினியர் சார். கீழே நான் பார்த்துக்கிறேன்."

அது அவள் தொழில் முறை. நடுவிரலால் ஒரு தட்டு என்றால் நட. இரண்டு தட்டு என்றால் நில். அண்ணாந்தபடி நடக்கிற ஆள் எதிலும் முட்டாமல் பீடம் வரை போய்ச் சேர்ந்துவிடுவான். நான் போய்ச் சேர்ந்தேன். அடுத்த வருடம் அதே பீடத்தின் முன்னால் கல்யாணம்.

இந்த பிப்ரவரியில் அவள் செத்துப்போனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் காபி போட்டவள் மாலையில் இல்லை.

நான் அழவில்லை. வேலைக்குப் போனேன். லேனிக்குத் தலை பின்னினேன். சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது. சில நாள் பாலத்தின் விளிம்பில், கைப்பிடியைப் பிடிக்காமல் நின்றிருக்கிறேன். லேனிக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. அது தெரிந்தும்தான் நின்றேன்.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் எழுபத்தொன்றாம் நம்பர் டிராமில் நிற்க இடம் கிடைக்காது. ஆளுக்கொரு பூச்செண்டு, ஆளுக்கொரு விளக்கு. நானும் லேனியும் வெரேனாவின் கல்லறையில் விளக்கு வைத்தோம். லேனியின் கையில், ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தாய் திருநாளுக்கென்று கொடுத்த பின்னல் ரொட்டி. திரும்பும்போது கேட்டாள்.

"அப்பா, அம்மாவோட சாயுற வீட்டைப் பார்க்கலாமா?"

கோயிலை அடைந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. நவம்பர் இருட்டு. கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை, சவாடில் என்கிற கிழவர், கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"கடை சாத்தியாச்சு. சாமியே சாப்பிடப் போயாச்சு."

"நான் வெரேனாவோட வீட்டுக்காரன்."

தொப்பியைக் கழற்றினார். "அடடே, டாக்டரா! உள்ள வாங்க." கண்ணாடி போட்டவனெல்லாம் அவருக்கு டாக்டர். இந்த ஊர்க் கிழவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். குனிந்து லேனியைப் பார்த்தார். "அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கே. ரொட்டி எனக்குத்தானே?"

"இல்ல. என்னோடது."

"கஞ்சப் பிசினாறி! நான் செத்தா என் கல்லறையில ஒரு துண்டுகூட வைக்க மாட்டே போலிருக்கே."

"செத்த அப்புறம் உங்களுக்கு ரொட்டி எதுக்கு?"

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது பொழைச்சுக்கும், டாக்டர். பத்து நிமிஷம் இருங்க. நான் பின்னாடி பூசைச் சாமானைக் கழுவி வெச்சிட்டு வர்றேன். ஒண்ணு மட்டும் கவனம். பீடத்துக்கு முன்னாடி, செத்தவங்களைப் புதைச்ச நிலவறையோட கல்லைத் தூக்கி வெச்சிருக்கு. வருஷத்துக்கு இந்த ஒரு நாள்தான் திறப்போம். சாமியார் கீழே தீர்த்தம் தெளிப்பார். கல்லை மூட ஆளுங்க நாளைக்குத்தான் வர்றாங்க."

"ஆழமா?"

"ரெண்டு ஆள் ஆழம். சுத்திக் கயிறு கட்டியிருக்கேன். பாப்பாவை விட்டுடாதீங்க. கீழே இருக்கிறவங்களுக்கு விருந்தாளின்னா உசுரு."

சிரித்துக்கொண்டே போனார்.

நான் போய்ப் பார்த்தேன். நாலு பித்தளைக் கம்பங்கள். அவற்றில் கொக்கி போட்டு மாட்டிய சிவப்புக் கயிறு. நடுவில் கறுப்பாகச் சதுரம். கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். எல்லாம் இறுக்கமாக இருந்தன.

லேனியை முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி காலை ஆட்டி ஆட்டிப் பெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வெள்ளைக் கல்லுக்குத் திரும்பி நடந்தேன். அப்போதுதான் மெழுகுவர்த்திகளைக் கவனித்தேன். இறந்தவர்களுக்காக மக்கள் ஏற்றிவிட்டுப் போனவை. குறைந்தது நூறு இருக்கும். எல்லாச் சுடரும் குழியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

காற்று என்று நினைத்தேன். கதவு சாத்தியிருந்தது. நிலவறையின் குளிர்க்காற்று வெளியே வந்தால் சுடர் இந்தப் பக்கம் அல்லவா சாய வேண்டும்... அது அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. மூச்சை உள்ளே இழுப்பது போல.

கல்லின் மேல் நின்றேன். அண்ணாந்தேன்.

குவிமாடம் எழுந்து நின்றது. தூண்கள், ஜன்னல்கள், உச்சியில் வெளிச்சம். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக எதையோ ரசித்துப் பார்த்தேன்.

அப்போது முதுகில் ஒரு கை.

சவாடில் என்று நினைத்தேன். இல்லை. சின்னக் கை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சரியாக அந்த இடத்தில். கோட்டைத் தாண்டி உள்ளங்கையின் சூடு தெரிந்தது.

நடுவிரல் ஒரு தட்டு தட்டியது.

நட.

நான் நடந்தேன்.

பயமில்லை. அதுதான் உண்மை. கண்ணில் நீர் கொட்டியது. சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் போய்விடுவாள் என்று தோன்றியது. திரும்பவில்லை. மேலேயே பார்த்தேன். கீழே அவள் பார்த்துக்கொள்வாள்.

ஒரு தட்டு. ஒரு அடி.

ஒரு தட்டு. ஒரு அடி.

குவிமாடம் சாயத் தொடங்கியது.

முன்னால் எங்கேயோ ஒரு சத்தம். *கிளிங்...* பித்தளையில் பித்தளை உரசுகிற மாதிரி. நான் கீழே பார்க்கவில்லை.

லேனியின் கால் பெஞ்சில் இடிக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்பா..."

"ஷ்ஷ். அம்மா வந்திருக்கா, லேனி."

"அப்பா, நில்லுப்பா."

ஒரு தட்டு.

என் காலடி மட்டும்தான் கேட்டது. *டொக்... டொக்...* பின்னால் வருகிறவளுக்குக் காலடி இல்லை. அது பரவாயில்லை என்று நினைத்தேன். செத்தவளுக்குக் காலடி எதற்கு...

*கிளிங்...*

மெழுகு வாசனை போய்விட்டது. ஈர மண் வாசனை.

உள்ளங்கையின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது அது குளிர்ந்திருந்தது. அழுத்தமும் கூடியிருந்தது. விரல்கள் நீளமாகிவிட்டது போல... முதுகு முழுக்க விரல்.

ஒரு தட்டு.

நிற்கப் பார்த்தேன். கால் நிற்கவில்லை.

ஒரு தட்டு. ஒரு தட்டு. ஒரு தட்டு.

இரண்டு தட்டு வரவே இல்லை.

லேனி அலறினாள்.

"அது அம்மா இல்ல! அம்மா முன்னாடிதான் வருவா!"

வலது காலின் கீழே தரை இல்லை.

விழுந்தேன் என்றுதான் நினைத்தேன். அந்த நொடியில் நெஞ்சில் ஓர் அடி. இரண்டு உள்ளங்கைகள். ஓங்கி அறைந்தது போல.

மல்லாந்து விழுந்தேன்.

பின்னந்தலை தரையில் மோதியது. கண்ணைத் திறந்தேன். பின்னால் யாரும் இல்லை. என் குதிகால் இரண்டும் குழியின் விளிம்பில் இருந்தன. பித்தளைக் கம்பங்கள் நாலும் அப்படியே நின்றன. சிவப்புக் கயிறு கழன்று, ஓரமாக, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

மெழுகுவர்த்திகள் நேராக எரிந்தன.

லேனி ஓடி வந்து என் மேல் விழுந்தாள். பூட்ஸ் சத்தம் கேட்டது. சவாடில் கையில் ஈரத் துணியோடு நின்றார். கயிற்றைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து சொல்வதற்கு முன்பே அவர்தான் கேட்டார்.

"முதுகுல கை வெச்சுதா?"

பின்கட்டு அறையில் எனக்கு ஒரு கிளாஸ் பழச்சாராயம் ஊற்றினார். தனக்கு இரண்டு. லேனி தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தாள். இப்போது அவருக்கு ஜோக் வரவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி, இதே நாள். வெரேனா ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தா. அதுல ஒருத்தர் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அண்ணாந்துகிட்டே நேரா போய்க் குழியில விழுந்தார். கால் எலும்பு ரெண்டா போச்சு. தூக்கினப்போ சிரிச்சுகிட்டிருந்தார், டாக்டர். 'என் பொண்டாட்டிதான் கூட்டிட்டுப் போனா, முதுகுல கை வெச்சு'ன்னார். அதுக்கப்புறம்தான் கயிறு கட்ட ஆரம்பிச்சேன், அது போதும்னு நினைச்சுட்டேன்."

"வெரேனா?"

"அவ வாசல்கிட்ட தலை எண்ணிக்கிட்டிருந்தா. ஆனா அங்கிருந்து எதையோ பார்த்திருக்கா. என்னன்னு சொல்லல. வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடாதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. அதோட முறையையே மாத்திட்டா. கூட்டத்துக்கு முன்னாடி நிப்பா. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுப் பின்பக்கமா நடப்பா, கோழி குஞ்சை மறிக்கிற மாதிரி. எல்லாரும் சிரிப்பாங்க. பாப்பாவைக் கேளுங்க. கூட வந்திருக்கே." கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அன்னைக்கு அப்புறம் அவ யார் முதுகுலயும் கை வெச்சதே இல்ல."

நான் உட்கார்ந்து யோசித்தேன். அவள் சாகிற வரை, இரண்டு வருடத்துக்கு மேல். வீட்டிலும்தான். என்னைக் கட்டிக்கொண்டது எல்லாம் முன்னாலிருந்து. நான் கவனிக்கவே இல்லை.

என் முதுகில் கை வைத்தது எதுவானாலும், அதற்குப் பழைய வெரேனாவைத்தான் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

டிராமில் லேனியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அம்மாவைப் பார்த்தியா?"

"ம். உன் முன்னாடி நின்னா. கையை விரிச்சுக்கிட்டு. அழுதா. நீ மேலேயே பார்த்துக்கிட்டிருந்தே."

"எங்கே நின்னா?"

"அந்தக் குழி மேல."

டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"என் பின்னாடி யாரு?"

அவள் ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டாள்.

"தெரியல. ரொம்ப உசரம். குனிஞ்சு நின்னுச்சு... அம்மா உசரத்துக்கு வர்ற வரைக்கும்."

அன்று இரவு நான் அழுதேன். பிப்ரவரியிலிருந்து பாக்கி இருந்தது எல்லாம் வந்தது. அதற்குப் பிறகு பாலத்தில் கைப்பிடியை விடுவதில்லை. இரண்டு கையாலும் பிடிக்கிறேன். சாப்பாட்டில் உப்பு தெரிகிறது. இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை லேனியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். கதவைப் பூட்டித் திரும்பினால், அவள் எனக்கு முன்னால் நிற்கிறாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. என்னைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா ஞாபகத்தில் விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் அப்படித்தான். மழை. தெருமுனையில் கால் தடுக்கி விழப் பார்த்தாள். பிடித்துக்கொண்டேன்.

"போதும் லேனி. திரும்பி நேரா நட."

"முடியாதுப்பா."

"ஏன்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் அவள் பார்த்தது என் முகத்தை அல்ல. என் தோளுக்கு மேலே, கொஞ்சம் உயரத்தில்.

"நான் பார்த்துக்கிட்டே இருந்தாதான் அது குனிய மாட்டேங்குது."