பட்டு அக்காவின் நாயும் அருளப்பன் டாக்டரும்

சனிக்கிழமை காலை பாசாரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தேடி வந்த அருளப்பன் டாக்டரின் மருமகன் என் தோளைத் தொட்டு, "அண்ணே, மாமா தவறிட்டாங்க" என்றார். மீனை அப்படியே வைத்துவிட்டேன். மிருக வைத்தியர் அருளப்பன் அவர்கள் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அழுகை வந்தது. கொடுத்துவைத்த மனிதர் என்றும் தோன்றியது.

ஜார்ஜ் டவுனில் அவர் நடத்திய வைத்தியசாலையில் நான் டிரெஸ்ஸர். வருகிறவர்களிடம் நோயை விசாரித்து எழுதுவதும், சில்லறை நோய்களுக்கு மருந்து கொடுப்பதும் என் வேலை.

ஒருமுறை பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருந்த பட்டு அக்கா, செல்லி என்ற பெட்டை நாயோடு வந்தார். "வயிறு சரியில்ல லா" என்றார். விளக்கெண்ணெய் கொடுத்தேன். மறுவாரமும் அதே வயிறு, அதே விளக்கெண்ணெய். மூன்றாம் முறை அழுதுகொண்டே வந்தார். நாய் கத்துகிற கத்தலைத் தாங்காமல், சுட்டுவிடலாமென்று வீட்டுக்காரர் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டாராம்.

"எப்பம்மா கத்துது?" என்று கேட்டார் டாக்டர். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஆண்பிள்ளைகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். கேட்க எனக்குக் கூச்சம். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் செல்லி விளக்கெண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.

"மூக்கு, காது மாதிரி அதுவும் ஓர் உறுப்புதானேம்மா. சொல்லுங்க."

சொன்னார். சிறுநீர் கழிக்கையில் அலறுகிறதாம். ஆண் நாய் நெருங்கினால் கடிக்கிறதாம். "திமிர் புடிச்ச நாய்னு எல்லாரும் ஏசுறாங்க, டாக்டர்."

"திமிர் இல்லம்மா, வலி."

விரல் விட்டுப் பார்த்தார். பிறப்புறுப்பின் பாதைக்குக் குறுக்கே பிறவியிலேயே ஒரு சதைப்பட்டை. அதன் பின்னால் சிறுநீர் தேங்கிப் புண்ணாகியிருந்தது. நான் குளோரோபார்ம் நனைத்த துணியை மூக்கில் வைத்து மயக்கம் கொடுக்க, பட்டையை இரு முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டி, நடுவே வெட்டி எடுத்தார். பாதியில் நாயின் மூச்சு தளர்ந்தது. "துணிய எடுங்க, துரைசாமி. காத்திருப்போம்" என்றார். காத்திருந்தோம். மூச்சு திரும்பியது.

என் விளக்கெண்ணெய்க்கு மன்னிப்புக் கேட்டேன். "நானும் உங்க எழுத்தை மட்டும்தானே பார்த்தேன், நாயைப் பார்க்கலையே" என்று பாதித் தப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் பட்டு அக்கா வந்திருந்தபோது, செல்லி கூடத்தின் நடுவில், டாக்டர் காலில் போட்டிருந்த சப்பாத்தை ஒட்டியே சிறுநீர் கழித்தது. ஒரு முனகல்கூட இல்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார். நான் துணியோடு ஓடினேன். டாக்டர் காலை நகர்த்தவே இல்லை.

"இருங்க, துடைக்காதீங்க. கொஞ்சம் பார்த்துக்கிறேன்" என்றார்.

நனைந்த சப்பாத்தோடு சிரித்தபடியே நின்றீர்களே, டாக்டர். அப்படியே போய் வாருங்கள்.