மனு போட்டுப் பார்த்த புருஷன்

என் வீட்டுக்காரர் ஜெயில் வார்டர். பதினெட்டு வருஷமாக உள்ளேதான் இருக்கிறார். கொலை செய்தவன்கூட அதற்குள் வெளியே வந்துவிடுவான் என்று நான் சொன்னால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வயிறு எரிவது எனக்குத்தானே.

ஜெயில் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருவதுதான் முக்கால்வாசி வேலை. கைதி பெயர், வழக்கு, பார்க்க வந்தவர், உறவு. வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிஷம். நடுவில் கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு போன், இந்தப் பக்கம் ஒரு போன். கைதிகளின் பெண்டாட்டிகள் மனுவை வாங்கிக்கொண்டு, தலையைக் கோதி, முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார்கள். வரும்போது அழுதுகொண்டு வருவார்கள். அழட்டுமே, பேசிவிட்டுத்தானே அழுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பொல்லாத நினைப்புதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அறுநூறு பேருக்குக் கட்டிய ஜெயிலில் ஆயிரத்து நானூறு பேர் அடைந்து கிடக்கிறார்கள். வார்டர் வேலையில் பாதி இடம் காலி. காலையில் போகிற மனுஷன் அன்றைக்கு வருவாரா, மறுநாள் வருவாரா என்று அவருக்கே தெரியாது. வந்தாலும் பூட்ஸைக் கழற்றும்போதே தூங்கிவிடுவார். அதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசினால், அதில் ஒன்று டைலரைப் பற்றியதாக இருக்கும்.

டைலர் ஒரு விசாரணைக் கைதி. வேலை பார்த்த கடையிலிருந்து தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான் என்று வழக்கு. நாலு வருஷமாகத் தீர்ப்பும் இல்லை, ஜாமீனும் இல்லை. கோர்ட்டுக்குக் கூட்டிப்போகக் காவலுக்கு ஆள் இல்லை என்று ஒவ்வொரு வாய்தாவும் தள்ளிப்போனது. மனசு விட்டுப்போய் ஒரு தடவை உயிரை விடப் பார்த்தான். அன்றிலிருந்து அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது.

"இன்னைக்கு டைலர் நல்லா சாப்பிட்டான்."

"டைலர் இன்னைக்குச் சிரிச்சான்டி."

நான் சாப்பிட்டேனா, சிரித்தேனா என்று கேட்க நாதியில்லை. சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து இழுக்கலாம். மீசை வைத்த சக்களத்தியை என்ன செய்வது?

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாற்பத்து மூன்று வயதில் இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ராத்திரி பகல் பயமாக இருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன், புருஷன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் நர்ஸ். தேதியைச் சொன்னபோது லீவு கேட்கிறேன் என்று போனவர் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை. ஜெயிலுக்குள் செல்போன் கொண்டுபோகவும் கூடாது. திங்கட்கிழமை நாற்பது பேருக்கு மனு எழுதிவிட்டு, நாற்பத்தொன்றாவதை எனக்கே எழுதிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

ஜன்னலில் இருந்த எழுத்தர் வாங்கிப் படித்தார். கைதி பெயர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர். வழக்கு: கல்யாணம். உறவு: மனைவி என்று ஞாபகம்.

"அக்கா, என்னக்கா இது விளையாட்டு?"

"விளையாட்டா? ஊருக்கெல்லாம் இருபது நிமிஷம் குடுக்கறீங்களே, எனக்கு மட்டும் என்ன கேடு? பார்க்காம இங்கேயிருந்து நகர மாட்டேன்."

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, மனுவை உள்ளே எடுத்துப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைதிகள் உட்காருகிற ஸ்டூலில், காக்கிச் சட்டையோடு என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் டைலர். எனக்குப் பக்கத்தில் டைலர் பெண்டாட்டி. வாராவாரம் நான் மனு எழுதித் தருகிற பெண்தான்.

"மானத்தை வாங்கிட்டியேடி" என்றார் போனில்.

"வியாழக்கிழமை ஆபரேஷன். கையெழுத்துப் போட ஆள் வேணும். வருவீங்களா, மாட்டீங்களா?"

"மூணு தடவை லீவு கேட்டுட்டேன். ஆள் இல்லங்கறாங்க." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குத்தான் டைலருக்கு ஜாமீன் வாய்தா. காவலுக்குப் போக என்னை விட்டா ஆள் இல்ல. நான் வரலைன்னா மறுபடியும் தள்ளிப்போயிடும். அப்புறம் அவன் தாங்க மாட்டான்."

"நான் தாங்குவேனா?"

அவர் திரும்பி டைலரைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "வயித்தை அறுக்கறது எனக்கு, புருஷன் போறது அவனுக்கா? போங்க, அவன் கூடவே குடும்பம் நடத்துங்க!" என்று கத்தினேன். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டைலர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனை ஆணியில் மாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வார்டில் பச்சைத் துணியை மாட்டிவிட்டு உட்கார வைத்தார்கள். "கையெழுத்துப் போட யாரும்மா வந்திருக்காங்க?" என்று நர்ஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர். தனியாக வரவில்லை. கைவிலங்கின் ஒரு வளையம் அவர் வலது கையில், இன்னொரு வளையம் டைலரின் இடது கையில். பக்கத்துப் படுக்கைக்காரி காலை மடக்கிக்கொண்டாள். நான் சாகக் கிடக்கும்போதும் இவனைக் கட்டிக்கொண்டுதான் வருவீர்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவனுக்கு விடியக்காலையில நெஞ்சுவலி. அவசரம்னு இங்கே கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. டாக்டர் பார்த்துட்டார், ஒண்ணுமில்லையாம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கண் கலங்கியிருந்தது. "வேன்ல ஏறினப்புறம்தான் சொல்றான், வலியே இல்லன்னு."

டைலர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஐயா ராத்திரியெல்லாம் உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தாரு. பயந்து போயிருக்காரு."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவனிடம் ராத்திரியெல்லாம் சொல்லியிருக்கிறார். அப்போதுகூட எனக்கு அதுதான் உறைத்தது. நர்ஸ் தாளை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போடப் போட, டைலரின் கையும் தாள் மேலே கூடவே நகர்ந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் கோர்ட் ஞாபகம் எனக்கு வந்தது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக டைலர் பெண்டாட்டி வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"உடம்பு எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்ல." மனுத்தாளை எடுத்தேன். "அன்னைக்கு நீ கோர்ட்டுக்குப் போயிருந்தியா?"

"சாயங்காலம் வரைக்கும் படிக்கட்டுலயே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுவலின்னாங்க. அழுது அழுது எனக்கே நெஞ்சு வலிச்சிடுச்சு. அடுத்த வாய்தா மூணு மாசம் கழிச்சு."

வாயை மூடிக்கொண்டு மனுவை எழுதியிருக்கலாம். முடியவில்லை. "அவருக்கு நெஞ்சுவலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் அன்னைக்குக் கத்தினதைக் கேட்டுட்டு, என் வீட்டுக்காரர் என்கிட்ட வரணும்னு பொய் சொல்லியிருக்காரு. என்னாலதான். என்னைத் திட்டு" என்றேன்.

அவள் திட்டவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வருஷத்துல என்னைப் பார்க்கணும்னு அவருக்கு ஒரு நாள்கூட நெஞ்சு வலிச்சதில்லையேக்கா" என்றாள்.

மனுவை எழுதி நீட்டினேன். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். இன்றைக்கு இவள் வருகிற நாள் என்று உள்ளே அவன் காத்துக்கொண்டிருப்பான். அவள் வராமல் போனால் என்ன செய்வான் என்பது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

தையல் பிரிந்துவிடும், ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தி, அவள் முறை வரும்வரை பக்கத்திலேயே நின்றேன்.